வம்சத்தில் வருவது சாபமா?



நம் சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் இடப்பட்டிருந்த ஒரு சீட்டே இவ்வாரச் சிந்தனைக்குக் காரணம். எழுதியவரின் பெயர் அதில் இல்லை. பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, இப்பொழுது அம்மாவுக்கும் வந்திருக்கிறது, எங்கள் வம்சத்தின்மேல் இருக்கிற சாபம் முறிய ஜெபியுங்கள் என்று மூன்று வரிகள் இருந்தன. அந்தத் தாயாருக்காக ஜெபித்தோம். ஆயினும் சீட்டில் இருந்த "சாபம்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் நம் வீடுகளில் செய்துவரும் சேதத்தை ஊழியத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தலைமுறைச் சாபத்தைப் போதிக்கிறவர்கள் வழக்கமாக யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். தகப்பன்மாரின் அக்கிரமத்துக்கான விசாரணை மூன்றாம் நான்காம் தலைமுறையைத் தொடும் என்கிற எச்சரிப்பு அங்கே உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது தேவனைப் பகைக்கிறவர்களைக் குறித்துச் சொல்லப்பட்டது என்பதையும், அடுத்த வசனமே ஆயிரம் தலைமுறைக்கான இரக்கத்தைப் பேசுகிறது என்பதையும் அவர்கள் சொல்லாமல் கடந்துபோவார்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களும் தங்கள் துன்பத்துக்கெல்லாம் முன்னோரையே காரணம் காட்டி, அதை ஒரு பழமொழியாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பழமொழியை இனி எடுக்கவே கூடாது என்று தேவன் தடுத்ததை எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். இருவரில் ஒருவரையும் ஆண்டவர் குற்றவாளியாக்கவில்லை. தரையில் துப்பிச் சேறுண்டாக்கி, அதை அவன் கண்களில் பூசினார்.

அப்படியானால் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஏன் வருகிறது? இது நேர்மையான கேள்வி. "எல்லாம் தேவ சித்தம்" என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோவது கேட்டவருக்குச் செய்யும் நியாயமாகாது.

பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பால் புரோக்கா 1866ஆம் ஆண்டிலேயே தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாகத் தொடர்ந்த மார்பகப் புற்றுநோயை வரிசைப்படுத்தி எழுதினார். காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங், இத்தகைய குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, நம் அணுக்களிலுள்ள 17ஆவது குரோமோசோமில் இதற்குரிய இடம் இருப்பதைக் காட்டினார். 1994இல் அந்த மரபணுவே பிரித்தறியப்பட்டது. அதற்குப் பி.ஆர்.சி.ஏ. 1 என்று பெயர். 13ஆவது குரோமோசோமில் இருக்கும் பி.ஆர்.சி.ஏ. 2 அதன் துணை போன்றது. இந்த மரபணுக்கள் நம் எல்லாரிடமும் இருக்கின்றன. நமக்கு நன்மை செய்யவே இருக்கின்றன. அணுவின் உள்ளே மரபிழை அறுந்துபோனால் அதைப் பிழையின்றிச் சேர்ப்பது அவற்றின் வேலை. சிலருக்குப் பிறப்பிலேயே அவற்றின் ஒரு பிரதியில் எழுத்துப்பிழை இருக்கிறது. அப்பிழை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடந்துசெல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தகப்பன் வழியாகவும் வரும். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் குடும்பங்களில் பழி எப்பொழுதும் தாய்வீட்டின்மேலேயே விழுகிறது.

இப்பிழையுடைய பெண்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால், 80 வயதுக்குள் ஏறத்தாழ 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. மிகப் பெரிய எண்ணிக்கைதான். ஆயினும் மீதமுள்ளோருக்கு அது வருவதே இல்லை. மேலும், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அனைவரிலும், இப்படிப் பிறப்போடு வந்த மரபணுப் பிழையால் நோயுற்றவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர்வரைதான். இதில் சாபத்துக்கு இடம் எங்கே? கண்ணின் நிறத்தைப்போல, குரலின் சாயலைப்போல, கைமாறி வந்த ஒன்று. இந்த உலகம் விழுந்துபோன உலகம் என்பதன் அடையாளம் என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம். அது எல்லாருடைய சரீரத்திலும் ஏதோ ஒரு வகையில் எழுதப்பட்டிருக்கிறது.

நம் சபையிலுள்ள ஒரு சகோதரியின் அனுமதியோடு அவர்கள் காரியத்தை இங்கே எழுதுகிறேன். சீட்டு எழுதியவர் இவர்கள் அல்ல. இவர்களுக்கு வயது 36. இரண்டு சிறு பிள்ளைகள் உண்டு. தாயார் 41 வயதில் இதே நோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மார்பில் கட்டியை உணர்ந்து, பரிசோதனைக்குச் சென்று, இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்றும், "ட்ரிப்பிள் நெகட்டிவ்" வகை என்றும் முடிவு வந்தது. மற்ற வகைகளுக்கு ஹார்மோன் மாத்திரைகளோ, குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தாக்கும் ஊசியோ உண்டு. அவை பற்றிக்கொள்வதற்கான மூன்று பிடிகளும் இல்லாத வகை இது. பி.ஆர்.சி.ஏ. 1 பிழையுடையவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வகையே. நம் நாட்டுப் பெண்களிடம் இவ்வகையின் பங்கு மேலைநாடுகளைவிட அதிகம் என்பதும் தெரிந்ததே. இரத்தப் பரிசோதனையில் அந்த மரபணுப் பிழையும் உறுதியாயிற்று.

குடும்பத்தார் என்னிடம் வந்தது நோயைக் குறித்த கலக்கத்தோடு மட்டுமல்ல. "ஐயா, கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் டாக்டர் அறுவை செய்யவில்லை. ஆறு மாதம் மருந்து ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்கிறார். இது தள்ளிப்போடுவது ஆகாதா? அதற்குள் பரவிவிட்டால்?" என்று மாமியார் அம்மா கேட்டார்கள். நம் ஊரில் எவருக்கும் வரக்கூடிய கேள்விதான். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் முதலில் அடித்து வெளியே போடுவோம்; மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். சகோதரியின் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நானும் உடன் அமர்ந்து கேட்டேன். பிற்பாடு வாசித்தும் அறிந்துகொண்டேன்.

நம் சரீரத்தில் தேவன் காவலாளரை வைத்திருக்கிறார். அவர்களில் டி அணுக்கள் என்னும் ஒரு கூட்டம் இரத்தத்தில் சுற்றிவந்து, அந்நியமாய்த் தோன்றும் அணுக்களைக் கண்டால் அழிக்கும். மரபிழையைச் சீர்செய்ய முடியாத புற்று அணுவில் பிழைமேல் பிழை சேருவதால், அது காவலாளருக்கு அந்நியமாய்த் தெரிந்தே ஆகவேண்டும். பிறகு ஏன் தப்பிக்கிறது? எனக்கு நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. யோர்தான் துறையில் நின்ற கீலேயாத்தின் காவலாளர், கடக்க வருகிற ஒவ்வொருவனையும் "ஷிபோலேத்" என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமனின் நாக்கு அந்தச் சொல்லில் தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிட்டது. புற்று அணுவோ அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்ட எதிரி. தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு, அதைக் காவல் அணுவின் மேலுள்ள பி.டி. 1 என்னும் வாங்கியில் அழுத்துகிறது. உடனே காவலாளன் கையைத் தாழ்த்திவிடுகிறான். (அந்த யோர்தான் துறைச் சண்டை சகோதரருக்குள் நடந்த சண்டை என்பதையும் மறக்கவேண்டாம். புற்றுநோயும் அப்படித்தான், வெளியிலிருந்து வந்த கிருமியல்ல, நம்முடைய சொந்த அணுக்களே.)

பி.டி. 1ஐ 1992இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த தசுக்கு ஹோன்ஜோவும் அவருடைய குழுவினரும். வேறொரு வாங்கியில் இதே போன்ற உண்மையைக் கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுடன் அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து இந்த வாங்கியை மூடிவிடுகிறது. எதிரி எத்தனை முறை சரியான சொல்லைச் சொன்னாலும் அது காவலாளனின் காதில் விழாது. அவன் தன் வேலையைச் செய்வான். இதுவே இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்பு சிகிச்சை.

இதை ஏன் அறுவைக்கு முன் தருகிறார்கள் என்பதே மாமியார் அம்மாவின் கேள்விக்கு விடை. கட்டி உள்ளே இருக்கும்போது, காவல் அணுக்கள் எதிரியின் முகத்தை முழுவதுமாகப் பார்த்துப் பழகுகின்றன. கட்டியை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் பழகுவதற்கான அந்த மாதிரி போய்விடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் பிரிந்துபோன சில அணுக்கள் எங்கேனும் மறைந்திருக்கக் கூடும். முன்கூட்டியே பழகிய காவலாளர் அவற்றைத் தேடிச்செல்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. இன்னொரு நன்மையும் உண்டு. அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று அறியலாம். அடுத்து என்ன செய்வது என்பதை அதைக்கொண்டு தீர்மானிக்கலாம். ஆகவே அந்த ஆறு மாதம் காத்திருப்பு அல்ல, சிகிச்சையே அதுதான்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். பரவாத ட்ரிப்பிள் நெகட்டிவ் புற்றுநோயுள்ள 1174 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முதல் முடிவு 2020இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் புற்று அணுவே காணப்படாத நிலை, கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 100க்கு 51 பேருக்கு. இம்மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 65 பேருக்கு. அமெரிக்க அரசின் மருந்து ஒப்புதல் 2021 ஜூலையில் கிடைத்தது. ஐந்து ஆண்டுக் கணக்கு 2024இல் வந்தது: உயிரோடிருந்தவர்கள் கீமோ மட்டும் பெற்ற பக்கத்தில் 81.7 விழுக்காடு, இரண்டும் பெற்ற பக்கத்தில் 86.6 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்து என்பது சிறு வித்தியாசம்தானே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் சீஷர்கள் நாம். நமக்கு ஐந்து சிறிய எண் அல்ல. இந்த ஆய்வு மரபணுப் பிழையுடையவர்களுக்கென்று தனியாக நடத்தப்பட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இவ்வகை என்பதாலேயே இந்தச் சிகிச்சை அவர்களையும் சென்றடைகிறது. அவர்களுக்கென்றே தனி ஆய்வுகளும் நடக்கின்றன. மரபிழைப் பழுதைக் குறிவைக்கும் மாத்திரைகளோடு இம்மருந்தைச் சேர்த்துத் தந்து, கீமோவைக் குறைக்க இயலுமா என்று தேடுகிறார்கள்.

விலைக்கிரயம் இல்லாமல் எதுவும் இல்லை. காதை மூடிக்கொண்ட காவலாளன் சிலவேளை உண்மையான குடிமகனையும் தாக்குவான். தைராய்டு, கல்லீரல், நுரையீரல், குடல், தோல் என எங்கும் அழற்சி வரலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இத்தகைய விளைவு ஏதேனும் ஒன்று வருகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். நம் சகோதரிக்கும் நான்காம் தவணைக்குப் பின் தைராய்டு குறைந்தது. இப்பொழுது தினமும் காலையில் ஒரு மாத்திரை எடுக்கிறார்கள். பணமும் பெரும் பாரம். ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில் செலவாகும். அறுவைக்கு முன் எட்டுத் தவணை, பின் ஒன்பது. உதவித் திட்டமும், உறவினரும், உங்களில் சிலர் பெயர் சொல்லாமல் கொடுத்த காணிக்கையும் சேர்ந்து இவர்களுக்குக் கைகூடிற்று. எல்லாருக்கும் கைகூடாது என்பதை அறிவேன். இம்மருந்தைப் பெற இயலாத சகோதரிகள் நம் சபையிலும் இருக்கிறார்கள். மேலே எழுதிய 51 என்ற எண்ணை அவர்கள் இன்னொரு முறை வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கீமோதெரபி மட்டுமே பெற்று, புற்று அணு ஒன்றும் மீதியின்றி அறுவையை முடித்தவர்கள் அவர்கள். தேவன் விலையுயர்ந்த மருந்தோடு மட்டும் கூட இருக்கிறவர் அல்ல.

ஜெபிக்கிறவர்கள் மருந்து எடுக்கலாமா என்று இன்னமும் கேட்கிறவர்கள் உண்டு. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் கூட்டித்தருவதாக வாக்குரைத்த அதே தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் போடச் சொன்னார். அதற்குமேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆறு மாதங்களில் மிகக் கடினமானதாக இருந்தது மருந்து அல்ல. சகோதரிக்கு ஒரு தங்கை உண்டு, 25 வயது. அண்ணன் ஒருவர் வெளியூரில் இருக்கிறார். மரபணுப் பிழை இவர்களிடமும் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மருத்துவர் அதைத் தெளிவாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். வீட்டிலோ, தெரிவிக்கவேண்டாம் என்றார்கள். தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். "ஐயா, இது வெளியே தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். நீங்களும் யாரிடமும் சொல்லவேண்டாம்" என்று தகப்பனார் கேட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நான் சொல்லவேண்டிய காரியமும் அல்ல. அதே வாரத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் அந்த வீட்டில் சாபமுறிப்பு ஜெபம் நடத்தி, இனி இந்த நோய் இந்த வம்சத்தைத் தொடாது என்று சொல்லிப் போனார். குடும்பத்தாருக்கு அது ஆறுதலாயிருந்தது. தங்கையிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்றும் அதனால் ஆகிவிட்டது. சாபம் என்ற சொல்லின் சேதம் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அது இதுதான். சாபம் என்றால் ஒரு மாலை ஜெபத்தோடு முடிந்துவிடும். மரபணு என்றால் தங்கைக்குச் சொல்லியாகவேண்டும்.

தகப்பனாரிடம் நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் மனைவிக்கு 41 வயதில் நடந்தது, அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே யாராவது எச்சரித்திருந்தால் நீங்கள் அவரிடம் கோபப்பட்டிருப்பீர்களா? அவர் வெகுநேரம் பேசவில்லை. முடிவை எடுத்தது சகோதரிதான். மூன்றாம் தவணை முடிந்து, தலைமுடி உதிர்ந்திருந்த நிலையில், தங்கையை அருகில் உட்கார வைத்து, தன் பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள்.

தங்கை மரபணு ஆலோசகரைக் கண்டு, பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கும் அந்தப் பிழை இருக்கிறது. நோய் இல்லை. இனி ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும்; 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேரும். இப்பிழையால் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளை அகற்றுவது குறித்து அப்போது தீர்மானிக்கவேண்டும். அவளுடைய தாயாருக்குக் கிடைக்காத பதினைந்து வருட முன்னறிவிப்பு அவள் கையில் இருக்கிறது. அண்ணன் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. ஆண்களுக்கு இது எதற்கு என்கிறார். அவருக்கும் பெண்பிள்ளை உண்டு.

பேசிக்கொண்டிருந்த வரன் விலகிப்போயிற்று. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. விலகியவர்களும் ஆராதனைக்குப் போகிற குடும்பத்தார்தான். அவர்களை நியாயந்தீர்க்க நான் இதை எழுதவில்லை. ஆயினும் நம் சபையில் பெண் பார்க்கிற, மாப்பிள்ளை பார்க்கிற பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: உண்மையைச் சொன்ன வீட்டை விட்டுவிட்டு, எதுவும் சொல்லாத வீட்டைத் தேடிப்போகிறபோது, எதைத் தேடிப்போகிறோம்?

சீட்டு எழுதிய அன்பானவரே, இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு வந்திருப்பதால், அம்மாவின் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று அவசியம் கேளுங்கள். முதலில் அம்மாவுக்குச் செய்வதே சரியான வரிசை. அவர்களிடம் பிழை இருப்பதாகத் தெரிந்தால், அதையே உங்களிடமும் உங்கள் உடன்பிறந்தவர்களிடமும் தேடலாம். அறுவைக்கு முன்பே முடிவு தெரிந்தால், எந்தச் சிகிச்சை, எந்த அளவு அறுவை என்று தீர்மானிக்க அது உதவும். தனியாகப் போகத் தயங்கினால் என்னிடமோ என் மனைவியிடமோ சொல்லுங்கள். உடன் வருகிறோம்.

நான் குறிப்பிட்ட சகோதரிக்கு வருகிற வியாழக்கிழமை காலை அறுவை. எட்டாம் தவணை முடிந்து, கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சுருங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். திசுவின் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவர்கள் கேட்டுக்கொண்ட ஜெபக் குறிப்புகள் இவை: மயக்க மருந்து சிக்கலின்றிக் கொடுக்கப்பட, பிள்ளைகள் இருவரும் பயப்படாதிருக்க, அண்ணன் பரிசோதனைக்குச் செல்ல. பி பாசிடிவ் இரத்தம் கொடுக்க முன்வருகிறவர்கள் சபைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தயவுசெய்து மருத்துவமனைக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை பிள்ளைகளுக்கு இரவு உணவு கொண்டுபோக மூன்று குடும்பத்தார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் இன்னும் ஒருவர் தேவை.